ரயில் ஒரே இடத்தில் தடம் புரள்கிறதா? முதலில் ஆணியைப் பாருங்கள்

மாடல் ரயில் தடம் புரண்டால் கை முதலில் போவது இன்ஜினுக்கு. அப்புறம் சக்கரம், அப்புறம் தடம் பிரியும் இடத்தில் இருக்கும் பாயின்ட். தண்டவாளத்தைப் பலகையோடு பிடித்து வைத்திருக்கும் ஆணியையோ பசையையோ கடைசியில்தான் சந்தேகப்படுகிறோம். பாதிக் குற்றவாளி அங்கேதான் இருக்கும். அதனால் எந்தக் கோளாறு தெரிந்தால் எங்கே பார்ப்பது, எப்படிச் சரி செய்வது என்று வரிசையாக எழுதியிருக்கிறேன். உங்கள் பிரச்சினை எந்தத் தலைப்பில் வருகிறதோ அதற்கு நேராகப் போய்விடலாம்.

அளவுகள் எல்லாம் எச்ஓ டிராக்குக்கு, அதாவது இரண்டு கம்பிகளுக்கும் இடையே 16.5 மி.மீ. உள்ள டிராக்குக்கு. ‘என்’ (N) எனப்படும் 9 மி.மீ. டிராக் வைத்திருப்பவர்களுக்கும் முறை இதுதான், ஆனால் தவறுக்கு இடம் இன்னும் குறைவு. கீழே இருப்பது பிளைவுட் அல்லது தெர்மகோல், அதன் மேல் கார்க் பட்டை, அதன் மேல் வளைத்துப் போடும் ஃபிளெக்ஸ் டிராக் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆணிக்கும் பசைக்கும் ஒரே வேலைதான்: டிராக் நகராமல் பார்த்துக்கொள்வது. அமுக்கிப் பிடிப்பது அதன் வேலை அல்ல. எச்ஓ இன்ஜினின் எடை சில நூறு கிராம். அதற்குப் போய் கட்டில் செய்கிற மாதிரி ஆணி அடிப்பதில்தான் பெரும்பாலான வம்பு ஆரம்பிக்கிறது.

ஒரே இடத்தில் தடம் புரள்கிறது

கரண்டை நிறுத்திவிட்டு, லேசாக உருளும் ஒரு வேகனை மட்டும் கையால் மெதுவாகத் தள்ளுங்கள். எந்த ஸ்லீப்பரில் (கம்பிகளைத் தாங்கும் குறுக்குக் கட்டையில்) சக்கரம் ஏறுகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். இன்ஜின் ஓடும் வேகத்தில் புரளும் இடம் ஒன்றாகவும், கோளாறு தொடங்கும் இடம் அதற்கு நாலு விரல் முன்னாலும் இருக்கும். கையால் தள்ளும்போதுதான் உண்மை தெரியும்.

இப்போது கண்ணை டிராக்கின் மட்டத்துக்குக் கொண்டுபோய், எதிர்ப்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆணி இறங்கிய ஸ்லீப்பரின் நடுப்பகுதி கீழே குழிந்திருக்கிறதா? குழிந்திருந்தால் அதன் இரண்டு முனைகளும் மேலே எழும்பி, கம்பிகள் உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும். காலிப்பர் என்ற அளவுகருவியைக் கம்பிகளின் உள்முகத்திலிருந்து உள்முகத்துக்கு வைத்து அளந்தால் 16.5க்குக் கீழே காட்டும். சக்கரத்துக்கு அங்கே போக இடம் இல்லை, அதனால் மேலே ஏறுகிறது. அமெரிக்காவின் என்எம்ஆர்ஏ மாடல் ரயில் சங்கம் வெளியிட்ட தகடு ஒன்று இருக்கிறது. டிராக் அகலம், சக்கர அகலம், பாயின்டில் சக்கர விளிம்பு போகும் இடைவெளி எல்லாவற்றையும் அந்த ஒரே தகட்டால் சோதிக்கலாம். இந்தப் பொழுதுபோக்கில் தொடர்ந்து இருக்கப்போகிறீர்கள் என்றால் காலிப்பரைவிட அதுதான் வசதி.

சரி செய்வது எளிது, ஆனால் அவசரம் கூடாது. ஸ்க்ரூடிரைவரைக் கம்பி மேல் முட்டுக்கொடுத்து ஆணியை நெம்பாதீர்கள், கம்பி வளைந்துவிடும். ஆணித் தலையைக் கட்டிங் பிளையரின் நுனியால் லேசாகப் பற்றி, நேராக மேலே இழுங்கள். தலைக்கும் ஸ்லீப்பருக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு வந்ததும் நிறுத்திவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். பெரும்பாலும் பிளாஸ்டிக் தானாகப் பழைய நிலைக்கு வந்துவிடும். பல மாதம் அமுங்கியே இருந்து அப்படியே படிந்துபோன ஸ்லீப்பர் வராது. அதன் நடுவை மட்டும் கட்டர் கத்தியால் வெட்டி இரண்டாக்கிவிட்டால் இறுக்கம் விட்டுப்போகும். ஜல்லி போட்ட பிறகு அந்த வெட்டு கண்ணுக்குத் தெரியாது.

புதிதாக ஆணி போடும்போது, முதலில் ஆணியின் தடிமனுக்கு ஸ்லீப்பரில் துளை போட்டுக்கொள்ளுங்கள். சில ஃபிளெக்ஸ் டிராக்குகளில் துளையே இருக்காது. துளையில்லாமல் அடித்தால் ஆணி பிளாஸ்டிக்கையும் சேர்த்துக் கீழே தள்ளும். சுத்தியல் வேண்டாம். ஆணியை நோஸ் பிளையரில் பிடித்து அழுத்தினால் போதும். அழுத்தி இறங்காத பலகையாக இருந்தால், பலகையிலும் ஆணியைவிடச் சன்னமான துளை போடுங்கள்.

அளந்து பார்த்ததில் 16.5 சரியாக இருக்கிறது, ஆனாலும் புரள்கிறது என்றால் முறுக்கல்தான் காரணம். ஒரு கம்பி மட்டும் சற்று உயர்ந்திருக்கும். கார்க்குக்கு அடியில் மாட்டிக்கொண்ட ஒற்றை ஜல்லியோ, காய்ந்துபோன பசைக் கட்டியோ போதும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: நான்கு சக்கர வேகன் புரண்டு, போகி (தனியாகத் திரும்பிச் சாயும் சக்கரத் தொகுதி) வைத்த நீளப் பெட்டி புரளாமல் போனால் முறுக்கல் என்று ஏறக்குறைய முடிவு கட்டிவிடலாம். போகி தானாகச் சாய்ந்து சமாளிக்கும், நான்கு சக்கர வேகனால் முடியாது. அந்த இடத்தில் டிராக்கைத் தூக்கி, கார்க்கை உப்புத்தாளால் சமன் செய்து மறுபடி படுக்கவையுங்கள். தாழ்ந்த பக்கத்துக்கு அட்டை செருகிச் சமாளிப்பவர்களும் உண்டு. ஒரு வாரத்துக்கு நன்றாக ஓடும், பிறகு அட்டை அமுங்கிப் பழைய கதை.

அகலம் 16.5ஐத் தாண்டி அதிகமாக இருந்தால் ஆணியை விட்டுவிட்டு ஸ்லீப்பரில் கம்பியைக் கவ்வும் பிளாஸ்டிக் கொக்கிகளைப் பாருங்கள். சால்டரிங் சூட்டில் அவை உருகியிருக்கும். அந்த ஸ்லீப்பர்களை மாற்றுவதுதான் வழி.

வளைவில், இணைப்பு இருக்கும் இடத்தில் முட்டி போட்டு நிற்கிறது

வட்டமாகப் போக வேண்டிய வளைவு, இரண்டு துண்டுகளின் கம்பிகளை இணைக்கும் ஜாயினர் வரும் இடத்தில் மட்டும் முழங்கையை மடக்கியது போலத் திரும்பும். ஃபிளெக்ஸ் டிராக்கை எவ்வளவு வளைத்தாலும் அதன் முனை நேராகப் போகவே பார்க்கும். இரண்டு முனைகள் சந்திக்கும் இடத்தில் இரண்டும் சேர்ந்து வெளியே தள்ளும். தாள் தடிமனில் இருக்கும் ஜாயினரால் அதைத் தடுக்க முடியாது. இங்கே கூடுதல் ஆணி அடிப்பது வீண் வேலை. ஆணி ஸ்லீப்பரைத்தான் பிடிக்கும், ஸ்லீப்பருக்குள் கம்பி வழுக்கிக்கொண்டு போகும். போதாததற்கு ஜாயினர் மாட்டுவதற்காக முனையில் இருக்கும் ஸ்லீப்பர்களை வேறு வெட்டி எடுத்திருப்போம்.

இணைப்பின் இரு பக்கமும் ஓர் அடி நீளத்துக்கு ஆணி, பசை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். இரண்டு துண்டுகளையும் மேசையில் நேராக வைத்து ஜாயினரில் சால்டர் செய்யுங்கள். ஆறிய பிறகு ஒரே நீளமாக வளையுங்கள். உள்பக்கக் கம்பியின் முனை வெளியே நீட்டிக்கொண்டு வரும், அதை வெட்டி அரத்தால் முனையைத் தேய்த்துவிடுங்கள். இனிக் கீழே ஒட்டும்போது ஆணியை ஸ்லீப்பருக்குள் இறக்காமல், ஸ்லீப்பர்களின் வெளிமுனையை ஒட்டி குண்டூசிகளைக் குத்திவைத்து, பசை காயும்வரை வளைவைத் தாங்கச் செய்யுங்கள். மறுநாள் ஊசியைப் பிடுங்கிவிடலாம். வெட்டி எடுத்த ஸ்லீப்பர்களின் மேல்பக்கத்தைச் சீவி மெலிதாக்கி, ஜாயினருக்கு அடியில் செருகுங்கள். சீவாமல் செருகினால் இணைப்பு மேடாகி, அடுத்த பிரச்சினை அங்கே தொடங்கும்.

வெயில் காலத்தில் நெளிந்துவிட்டது

மார்கழியில் போட்ட டிராக் சித்திரையில் பாம்பாக நெளியும். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை என்றால் சொல்லவே வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். மாடல் கம்பிகள் பெரும்பாலும் நிக்கல் சில்வர் எனும் கலவை உலோகம். பெயரில் வெள்ளி இருந்தாலும் உள்ளே இருப்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். 1 மீட்டர் கம்பி 20 டிகிரி சூடு ஏறினால் சுமார் 0.34 மி.மீ. நீளும். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் இரண்டு முனையும் நகர முடியாமல் மாட்டிக்கொண்ட 1 மீட்டர் கம்பி, அந்த 0.34 மி.மீ. நீளத்தை வில்லாக வளைந்துதான் தீர்த்துக்கொள்ள வேண்டும். அப்படி வளைந்தால் நடுப்பகுதி 1 செ.மீ.க்கு மேல் பக்கவாட்டில் போகும். முனைகளில் கடப்பாரை மாதிரி ஆணி அடித்து, நடுவில் ஒன்றுமே போடாமல் விட்டவர்கள் பார்ப்பது இதைத்தான்.

இன்னொரு காரணம் மரம். மழைக்காலத்தில் ஈரம் குடித்து உப்பிய சட்டத்தின் மேல் டிராக் போட்டு, இணைப்புகளை இடைவெளி இல்லாமல் முட்டவைத்திருப்போம். கோடையிலோ, ஏசி ஓடிக் காற்று வறண்ட அறையிலோ மரம் சுருங்கும். கம்பி சுருங்காது. சூடே ஏறாத அறையிலும் டிராக் நெளிவதற்கு இதுதான் காரணம். மரம் நார்ப்போக்கில் அதிகம் மாறாது, நாருக்குக் குறுக்கேதான் விளையாட்டு காட்டும். அதனால் சட்டங்கள் ஒன்றோடொன்று சேரும் இடங்களிலும், இரண்டு பலகைகள் சந்திக்கும் இடங்களிலும் முதலில் தேடுங்கள்.

நெளிந்த டிராக்கை அமுக்கி ஆணி அடித்தால் நெளிவு பக்கத்துக்கு நகரும், போகாது. நெளிவுக்கு அருகில் உள்ள நேர்ப்பகுதியில் மெல்லிய ரேசர் ரம்பத்தால் கம்பியை அறுத்து இடைவெளி உண்டாக்குங்கள். சுழலும் சிறு வெட்டுத் தட்டு பயன்படுத்துபவர்கள் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தட்டு சொல்லிக்கொள்ளாமல் உடையும். அறுத்ததும் இரண்டு முனைகளும் சட்டென்று நெருங்குவதைப் பார்த்தால் உள்ளே எவ்வளவு அழுத்தம் இருந்தது என்று தெரியும். அறுத்த இடத்தின் இரு பக்கமும் மின்கம்பி தனியாகப் போகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

புதிதாகப் போடுபவர்கள், நேர்ப்பகுதிகளில் ஏறக்குறைய 1 மீட்டருக்கு ஓர் இணைப்பைச் சால்டர் செய்யாமல், விசிட்டிங் கார்டு தடிமன் இடைவெளியோடு விடுங்கள். குளிர்ந்த நாளில் போடுகிறீர்கள் என்றால் இன்னும் கொஞ்சம் தாராளமாக. உச்சிவெயிலில் போட்டால் பெயருக்கு இருந்தால் போதும். பிளைவுட்டின் மேல், கீழ், விளிம்பு எல்லாவற்றுக்கும் ஒரு கை பெயின்ட் அடித்துவிடுங்கள், ஈரம் உள்ளே போவது குறையும்.

நிஜ ரயில்வே இப்போதெல்லாம் இப்படிச் செய்வதில்லையே என்று கேட்கலாம். நீளமாகப் பற்றவைத்த தண்டவாளத்தில் அவர்கள் இடைவெளி விடுவதில்லைதான். ஆனால் அங்கே ஒவ்வொரு கான்கிரீட் ஸ்லீப்பரிலும் எஃகு கிளிப்புகள் கம்பியை அமுக்கிப் பிடித்திருக்கின்றன, அதைச் சுற்றி டன் கணக்கில் ஜல்லி இருக்கிறது. குறிப்பிட்ட வெப்பநிலைக்கு ஏற்ப இறுக்கத்தைச் சரி செய்த பிறகுதான் பூட்டுகிறார்கள். நம் பிளாஸ்டிக் கொக்கிக்கு அந்தப் பலம் கிடையாது.

ஓடும்போது கடகடவென்று சத்தம்

பிளைவுட்டில் நேராக ஆணி இறங்கியிருந்தால் அதிர்வு முழுவதும் பலகைக்குப் போய்விடும். கார்க் போட்டும் சத்தம் குறையவில்லை என்பவர்கள் ஆணியைப் பாருங்கள். அது கார்க்கைத் துளைத்துக்கொண்டு பலகை வரை போய்ப் பாலம் கட்டியிருக்கும். பசை காய்ந்த டிராக்கில் ஆணிக்கு வேலை இல்லை, பிடுங்கிவிடுங்கள்.

ஜல்லி போட்ட பிறகுதான் சத்தம் கூடியது என்றால் காரணம் ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை. அது கல் மாதிரி காய்ந்து, கம்பி, ஜல்லி, பலகை எல்லாவற்றையும் ஒரே கட்டியாக்கிவிடும். ஜல்லியைக் கார்க்கின் சரிவோடு நிறுத்தி, பலகையைத் தொடாமல் விட்டால் ஓரளவு குறையும். காய்ந்த பிறகும் ரப்பர் மாதிரி வளையும் லேடெக்ஸ் பசை இன்னும் நல்லது. ஏற்கெனவே காய்ந்த ஜல்லியைச் சத்தத்துக்காக மட்டும் பெயர்த்தெடுக்கும் வேலைக்கு நான் போகமாட்டேன்.

தெர்மகோலில் ஆணி நிற்கவில்லை, பசையும் காயவில்லை

ஆணி நிற்காது. அதற்கு வைத்தியம் இல்லை. குண்டுகுண்டாக உதிரும் வெள்ளைத் தெர்மகோலானாலும், கூரைக்கு அடியில் வெப்பம் தடுக்கப் போடும் கெட்டியான எக்ஸ்பிஎஸ் போர்டானாலும் பசைதான்.

எந்தப் பசை என்பதில்தான் சிக்கல். சோஃபா, ரெக்சின், செருப்பு ஒட்டும் ரப்பர் பசையில் இருக்கும் கரைப்பான் தெர்மகோலைத் தின்றுவிடும். டிராக்குக்கு அடியில் குகை விழுந்து, ஒரு வாரம் கழித்து இன்ஜின் போகும்போது அமுங்கும். உடனடிப் பசைகளும் வேண்டாம். ஃபெவிகால் தெர்மகோலைக் கரைக்காது, ஆனால் அது காய்வதற்குத் தண்ணீர் வெளியேற வேண்டும். மேலே பிளாஸ்டிக் ஸ்லீப்பர், கீழே தெர்மகோல், இரண்டும் ஈரத்தை உறிஞ்சாது. ஓரம் காய்ந்து நடுவில் பால் மாதிரி நாட்கணக்கில் கிடக்கும். கார்க்குக்கு மேலே ஒட்டினால் இந்தத் தொல்லை குறைவு.

எனக்குப் பிடித்தது, பெயின்ட் கடையில் ஜன்னல் ஓரம் அடைக்க விற்கும் அக்ரிலிக் சீலன்ட். வாங்கும்போது சிலிகான் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மூடியைத் திறந்ததும் வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் காயும்போது அமிலம் விடும், செம்பு கலந்த கம்பிக்கு ஆகாது. தவிர, சிலிகான் ஒட்டிய இடத்தில் பிறகு பெயின்டும் ஒட்டாது, ஜல்லியும் ஒட்டாது.

அக்ரிலிக்கையும் குழாயிலிருந்து பிதுக்கியபடியே விடக்கூடாது. பழைய ஏடிஎம் கார்டால் இழுத்து இழுத்து, அடியில் இருக்கும் பலகை மங்கலாகத் தெரியும் அளவுக்கு மெலிதாக்குங்கள். டிராக்கை அமுக்கும்போது ஸ்லீப்பர் இடுக்கில் பசை மேலெழுந்து வந்தால் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். நீளமான குண்டூசிகளால் பக்கவாட்டைப் பிடித்து, மேலே புத்தகமோ தண்ணீர் பாட்டிலோ வைத்து இரவு முழுக்க விட்டுவிடுங்கள். ஈர நாட்களில் இன்னும் ஒரு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குளூ கன் பற்றிக் கேட்பவர்களுக்கு: வேண்டாம். டிராக்கை நேர்ப்படுத்தி முடிப்பதற்குள் பசை இறுகிவிடும். கட்டி கட்டியாக நின்று ஒவ்வொரு ஸ்லீப்பரும் ஒவ்வொரு உயரத்தில் உட்காரும்.

ஜல்லி ஒட்டிய பிறகு பாயின்ட் அசையவில்லை

ஜல்லிக்கு விடும் பசை, பாதி ஃபெவிகாலும் பாதி தண்ணீருமாக இருக்கும். பரவுவதற்காகப் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு சேர்த்திருப்போம். அந்தச் சோப்பே இங்கே எதிரி. பாயின்டில் தடம் மாற்ற அசையும் கம்பிகளை, அதாவது நாக்குகளை, இழுக்கும் குறுக்குச் சட்டத்துக்கு அடியில் பசை ஊர்ந்து போய்விடும்.

பலமாகத் தள்ளாதீர்கள், நாக்கு சட்டத்திலிருந்து பிய்ந்துவிடும். சூடான தண்ணீரைச் சிரிஞ்சில் எடுத்து அந்த இடத்தில் மட்டும் விட்டு, பத்து நிமிடம் ஊறவையுங்கள். பசை வெளுத்துக் குழைந்ததும் பல்குச்சியால் சுரண்டி, பழைய பிரஷ்ஷால் எடுத்து, டிஷ்யூவால் ஒற்றுங்கள். மசியவில்லை என்றால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலை விட்டுப் பாருங்கள். காயும்வரை அவ்வப்போது நாக்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டே இருங்கள்.

அடுத்த முறை பாயின்டுக்கு அடியில் எந்தப் பசையும் போடாதீர்கள். இரு பக்கமும் ஒட்டிய டிராக்கே அதைப் பிடித்துக்கொள்ளும். தேவைப்பட்டால் ஓரத்தில் இரண்டு ஆணி. டிராக்கில் முதலில் பழுதாகி மாற்ற வேண்டி வருவது பாயின்ட்தான், அதைக் கழற்ற முடிய வேண்டும். ஜல்லி போடும் முன் குறுக்குச் சட்டத்தின் அடியில் பிளாஸ்டிக்கைக் கெடுக்காத மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டால், பசை அங்கே பற்றாது.

ஜல்லிக்குப் பிறகு ஒரு பகுதியில் கரண்ட் இல்லை

பசை ஜாயினருக்குள் போய்க் காய்ந்திருக்கிறது. அதைச் சுரண்டி எடுக்க நேரம் செலவழிக்காமல், அந்தத் துண்டின் இரு கம்பிகளிலும் அடியிலிருந்து ஒயர் கொண்டுவந்து சால்டர் செய்துவிடுங்கள். ஜாயினரை மின்சாரத்துக்கு நம்பியதுதான் மூலகாரணம். கம்பியின் மேல்முகத்தில் படர்ந்த பசையை ஈரமாக இருக்கும்போதே துணியால் துடைத்தால் வேலை மிச்சம்.

ரயில் பாதி வழியில் தானாகக் கழன்றுகொள்கிறது

பெட்டிகளை இணைக்கும் கப்ளரின் அடியில் தொங்கும் வளைந்த கம்பி, மேலே எழும்பிய ஆணித் தலையில் இடிக்கிறது. டிராக்கின் நடுவே விரலை ஓட்டிப் பாருங்கள், தட்டுப்படும். ஆணியை ஸ்லீப்பர் குழியாமல் அமுக்கலாம், இல்லையென்றால் பிடுங்கலாம்.

ஜல்லியில் காவி நிறக் கறை

இரும்பு ஆணி, மேலே தண்ணீர் கலந்த பசை, கடற்காற்று. ஜல்லி போடும் முன்பே ஆணிகளை எடுத்துவிடுங்கள். எடுக்க முடியாதவற்றின் தலையில் ஒரு புள்ளி பெயின்ட் வையுங்கள். வந்துவிட்ட கறையை எடுப்பதைவிட, அதன் மேல் பழுப்பு நிறத்தைத் தடவி எண்ணெய்க் கறை போலக் காட்டுவது சுலபம். நிஜ ஸ்டேஷனிலும் தண்டவாளம் அப்படித்தான் இருக்கிறது.

எல்லாவற்றையும் பெயர்த்து மறுபடி போட வேண்டும்

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது எப்படியும் வரும். வெள்ளைப் பசை என்றால் வெந்நீரில் சோப்பு கலந்து ஸ்ப்ரே செய்து கால் மணி நேரம் விடுங்கள், ஜல்லி சேறு மாதிரி வந்துவிடும். அக்ரிலிக் சீலன்ட் என்றால் பெயின்டர் வைத்திருக்கும் பட்டி பிளேடைத் தட்டையாக ஸ்லீப்பருக்கு அடியில் செருகி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். டிராக்கைத் தூக்கி இழுக்காதீர்கள், பிளேடுதான் முன்னால் போக வேண்டும். குளூ கன் பசையில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் விட்டால் பிடி விட்டுவிடும். அடிக்கடி வீடு மாறுபவர்கள், காட்டோவின் யூனிட்ராக் போல அடிப்பாகத்தோடு சேர்ந்தே வரும் டிராக்கை வாங்கி, ஒன்றுமே ஒட்டாமல் பலகையில் வைத்து ஓட்டுவதே மேல். அதையும் ஸ்க்ரூ போட்டு இறுக்கினால் நடு குழியும், முதல் தலைப்புக்குத் திரும்பிப் போக வேண்டியிருக்கும்.

உடனடிப் பசையில் ஒட்டிய டிராக்கைப் பெயர்க்க முயன்றால் கம்பி வளைந்து வீணாகும். ஸ்லீப்பரின் கொக்கிகளைக் கத்தியால் சீவிவிட்டு, கம்பியை மட்டும் நீளவாக்கில் உருவி எடுத்துக்கொள்ளுங்கள். வேறு ஸ்லீப்பரில் அதைக் கோத்து மறுபடி பயன்படுத்தலாம்.